தேர்தலில் வெல்லாத ஆட்சியாளர்: இராபர்ட் மோசஸ்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நாட்டை ஆள்பவர் யார் என்று கேட்டால் அமைச்சர் என்போம், சட்டமன்றம் என்போம், மேடை ஏறினால் மக்களே என்போம். ஆனால் ஒரு சாலை எந்தத் தெருவின் வழியாகப் போக வேண்டும், ஒரு பாலம் எந்தக் கரையில் இறங்க வேண்டும், அதற்கான பணம் எந்தப் பையிலிருந்து வர வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்பவர் யார் என்று கேட்டால் நம்மில் பலரும் விழிப்போம். அந்த வினாவுக்கு விடை தேடப் புகுந்தவர்கள் அமெரிக்க நாட்டில் வாழ்ந்த ஒரு மனிதரின் வரலாற்றைப் படிக்காமல் மேலே செல்ல இயலாது. தேர்தலில் ஒருமுறையேனும் வெல்லாமல், 1924 முதல் 1968 வரை 44 ஆண்டுக் காலம் நியூயார்க் மாநகரின் சாலைகளையும் பாலங்களையும் பூங்காக்களையும் தம் விருப்பப்படி அமைத்த இராபர்ட் மோசஸ் என்பவரே அவர்.

இவரைப் பற்றி எழுதத் தூண்டியது என் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்தப் போவதாக வீட்டுக்கு ஒரு தாள் வந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த அந்தத் தாளைச் சில வாரங்கள் கழித்து நான்தான் எடுத்துப் படித்தேன். மறுப்பு இருந்தால் தெரிவிக்கலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. தெரிவிக்க வேண்டிய நாளோ கடந்து போயிருந்தது. திண்ணையும் போயிற்று, வாசல் வேம்பும் போயிற்று. இன்று அதே சாலையில் வரும் பேருந்துதான் என்னைக் கல்லூரிக்குக் கொண்டு வந்து சேர்க்கிறது. சாலை எடுத்ததும் உண்டு, கொடுத்ததும் உண்டு. ஆகவே, சாலை வேண்டுமா வேண்டாமா என்பதன்று என் கேள்வி. அதை முடிவு செய்தவர்கள் யார், அவர்கள் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதே என் கேள்வி. மோசஸ் வாழ்க்கையில் இக்கேள்விக்கு உரிய விடை இருக்கிறது.

பிறப்பும் கல்வியும்

1888ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் மோசஸ் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய யூத மரபினர். தந்தையார் கடை நடத்திப் பொருள் ஈட்டியவர். 1897ஆம் ஆண்டு குடும்பம் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. செல்வத்துக்குக் குறைவில்லாத அக்குடும்பத்தில் கல்விக்கும் குறைவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் 1909ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர்க் கடல் கடந்து இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பயின்றார். 1914இல் நியூயார்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் ஆய்ந்த பொருள் பிரிட்டனின் அரசுப்பணி முறை.

படித்ததை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆவல் அவருக்கு நிறைய இருந்தது. அக்காலத்து நியூயார்க்கில் நகராட்சி வேலைகள் தகுதியைப் பார்த்து வழங்கப்படவில்லை. டாமனி ஹால் என்று வழங்கப்பட்ட கட்சிக் கும்பல் தன் ஆட்களுக்கு அவற்றைப் பங்கிட்டுக் கொடுத்தது. சீர்திருத்த நாட்டமுடைய மேயர் மிட்செலின் ஆட்சியில், ஒவ்வொரு ஊழியரின் வேலையையும் அளந்து மதிப்பெண் இட்டு அதற்கேற்ப ஊதியமும் உயர்வும் தர வேண்டும் என்ற திட்டத்தை இளைஞர் மோசஸ் வகுத்தார். ஊழியர்கள் கூடிய கூட்டங்களில் அவரைப் பேசவொட்டாமல் கூச்சலிட்டு விரட்டினார்கள். 1917 தேர்தலில் மேயர் தோற்றார். திட்டம் குப்பைக்குப் போயிற்று. முப்பது வயதை எட்டும் நேரத்தில், மூன்று பல்கலைக்கழகங்களில் படித்த மோசஸ் வேலை தேடி அலைய வேண்டியவரானார். கொள்கை மட்டும் இருந்து அதிகாரம் இல்லையேல் ஒன்றும் நடவாது என்ற பாடத்தை அந்நாட்களில் கற்றார். அந்தப் பாடத்தை அவர் சாகும்வரை மறக்கவில்லை. அதுவே அவருடைய பெருமைக்கும் காரணம், வீழ்ச்சிக்கும் காரணம்.

மீன் அங்காடியிலிருந்து வந்த ஆசான்

1918இல் ஆல்பிரட் ஸ்மித் என்பவர் நியூயார்க் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர்; நம் முதலமைச்சரைப் போன்றவர் என்று கொள்ளலாம். ஸ்மித் சிறுவயதிலேயே தந்தையை இழந்து, பள்ளியை விட்டு நீங்கி, மீன் அங்காடியில் கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். சட்டமன்றத்துக்குச் சென்ற பிறகு, புரியாத மசோதாக்களை இரவெல்லாம் படித்துப் படித்துச் சட்டக் கலையில் வல்லவரானவர். அவருடைய அறிவுரையாளரான பெல் மாஸ்கோவிட்ஸ் அம்மையார் மோசஸை அழைத்து வந்து ஆட்சிச் சீர்திருத்தக் குழு ஒன்றில் பணி தந்தார். ஏட்டுக் கல்வியில் உயர்ந்த மோசஸுக்கு, ஏட்டுக் கல்வி இல்லாத ஸ்மித்தே உண்மையான ஆசான் ஆனார். மசோதாவை எப்படி எழுதுவது, ஒரு சொல்லை எங்கே வைத்தால் என்ன விளையும் என்பதையெல்லாம் மோசஸ் அவரிடம் கற்றுத் தேர்ந்தார்.

1924ஆம் ஆண்டு மாநிலப் பூங்காக்களுக்கான சட்டத்தை மோசஸே எழுதினார். அச்சட்டம் அமைத்த லாங் ஐலண்ட் பூங்கா ஆணையத்துக்கு அவரே தலைவரானார். அன்றைய ஆளுநரின் பதவிக் காலம் 2 ஆண்டு. ஆணையத் தலைவரின் காலமோ 6 ஆண்டு. தம்மை அமர்த்திய ஆளுநர் மாறினாலும் தாம் மாற வேண்டியதில்லை என்பது அந்த எண்ணில் அடங்கியிருந்தது. நிலத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தையும் பழைய சட்டச் சொல் ஒன்றின் மூலம் அதனுள் புகுத்தியிருந்தார். படிக்காமல் கை தூக்கிய உறுப்பினர்கள் பிறகு வருந்தினார்கள்.

ஆயினும் விளைந்த பயன் பெரிது. செல்வர்களின் மாளிகைகளும் வேலிகளும் மறித்திருந்த லாங் ஐலண்ட் கடற்கரை பொதுமக்களுக்குத் திறந்தது. 1929ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஜோன்ஸ் கடற்கரைப் பூங்கா, அரசு அமைத்த பூங்காக்களுக்கு ஓர் எடுத்துக்காட்டாக விளங்கியது. நகரத்துப் புழுக்கத்தில் வெந்த மக்கள் கடற்காற்று வாங்க வழி பிறந்தது. செய்தித்தாள்கள் மோசஸைப் போற்றின.

அங்கு செல்லும் பூங்காச் சாலைகளில் மட்டும் பேருந்துகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் இடமில்லை. சொந்தக் கார் உடையவர்களுக்கே அவை பயன்பட்டன. பேருந்து நுழையாதபடி பாலங்களை வேண்டுமென்றே தாழக் கட்டினார் என்று அவர் வரலாற்றை எழுதிய இராபர்ட் கேரோ குறிப்பிடுகிறார். அக்காலப் பூங்காச் சாலைகள் பலவற்றிலும் பாலங்கள் தாழ்வாகவே இருந்தன என்று வேறு ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். நோக்கம் எதுவாயினும், கார் இல்லாத ஏழைக்குக் கடற்கரை தூரமாகவே இருந்தது என்பதில் ஐயமில்லை.

மூன்று பேட்டைப் பாலம்

1934இல் மேயர் லாகார்டியா, நகரப் பூங்காக்கள் அனைத்துக்கும் மோசஸை ஆணையராக்கினார். அதே ஆண்டில் மோசஸ் மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டு ஏறத்தாழ 8 லட்சம் வாக்குகளில் தோற்றார். மக்கள் முன் நின்று வாக்குக் கேட்டது அவர் வாழ்வில் அந்த ஒரே முறைதான். வாக்குப் பெட்டி வழியே அடைய முடியாததை அவர் வேறொரு வழியில் அடைந்தார். அந்த வழிக்குப் பெயர் டிரைபரோ பால வாரியம்.

மன்ஹாட்டன், பிராங்க்ஸ், குயின்ஸ் என்ற மூன்று பகுதிகளையும் இணைக்கும் டிரைபரோ பாலத்தின் வேலை 1929 அக்டோபரில், பங்குச் சந்தை சரிந்த அதே வாரத்தில் தொடங்கியது. பணமின்றி நின்றும் போனது. ஆற்றில் தூண்கள் மட்டும் நின்றன. 1933இல் அதற்கென ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. மைய அரசின் பொதுப்பணி நிதியிலிருந்து கடனும் மானியமுமாக 4 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. 1934இல் மோசஸ் பொறுப்பேற்றார். அவர்மீது பழைய பகை கொண்டிருந்த குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், அவரை நீக்கினால்தான் பணம் தரப்படும் என்னும்படியான ஆணை ஒன்றைப் பிறப்பிக்கச் செய்தார். செய்தி வெளியானதும் நாடே மோசஸ் பக்கம் நின்றது. ஆணை பயனற்றுப் போனது. 1936ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. அந்த விழாவுக்கு ரூஸ்வெல்டே வர வேண்டியதாயிற்று. அதே கோடையில் நகரின் பல பகுதிகளில் 11 பெரிய நீச்சல் குளங்களையும் மோசஸ் திறந்து வைத்தார். செயல்திறனில் அவருக்கு இணை அவரே.

பணத்தின் சாவி

இங்கே நாம் சற்று நின்று, வாரியம் என்பது எப்படி இயங்குகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இது தெரியாவிட்டால் மோசஸின் அதிகாரம் மாயமாகவே தோன்றும்.

அரசு ஒரு பாலம் கட்ட வேண்டுமானால் வரி போட வேண்டும். அல்லது கடன் வாங்க வேண்டும். இரண்டுக்கும் சட்டமன்றத்தின் ஒப்புதல் தேவை. கடனுக்கோ வரம்பு உண்டு. இத்தொல்லையிலிருந்து விடுபடக் கண்ட வழியே பொது வாரியம். லண்டன் துறைமுக வாரியத்தைப் பார்த்து, நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்கள் சேர்ந்து 1921இல் ஒரு துறைமுக வாரியத்தை அமைத்தன. வாரியத்துக்கு வரி விதிக்கும் உரிமை இல்லை. தன் பெயரில் கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டலாம். அப்பணத்தில் பாலம் கட்டலாம். பாலத்தைக் கடக்கும் வண்டிகளிடம் சுங்கம் வாங்கிக் கடனை வட்டியோடு அடைக்கலாம். கடன் தீர்ந்ததும் பாலம் அரசுக்குச் சேரும், சுங்கம் நிற்கும், வாரியம் கலையும். மக்களின் வரிப்பணம் செலவாகாமல் பாலம் கிடைக்கிறதே என்று அனைவரும் மகிழ்ந்தனர்.

டிரைபரோ பாலத்தில் ஒரு காருக்குச் சுங்கம் 25 சென்ட். நகரில் கார்கள் பெருகப் பெருக, எதிர்பார்த்ததைவிட மிகுதியாகப் பணம் குவிந்தது. கடனை விரைவில் அடைத்துவிடலாம் என்ற நிலை. வேறொருவராக இருந்தால் மகிழ்ந்திருப்பார். மோசஸ் கவலைப்பட்டார். கடன் தீர்ந்தால் வாரியமும் தீர்ந்துபோகும் அன்றோ! ஆகவே 1930களின் பிற்பகுதியில் சட்டத்திருத்தங்களைத் தாமே எழுதி நிறைவேற்றச் செய்தார். பழைய பத்திரங்களைத் திரும்பப் பெற்றுப் புதிய பத்திரங்களை வெளியிடலாம். மிச்சமான வருவாயைப் புதிய பாலங்களுக்கும் அவற்றைச் சார்ந்த சாலைகளுக்கும் செலவிடலாம் என்பன அத்திருத்தங்களின் சாரம். ஒரு கடன் தீருமுன் மறு கடன். வாரியத்துக்கு இனி இறப்பே இல்லை.

இதனினும் நுட்பமானது மற்றொன்று. பத்திரம் என்பது வாரியத்துக்கும் பத்திரம் வாங்கியவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். ஒப்பந்தக் கடமையைக் குலைக்கும் சட்டத்தை எந்த மாநிலமும் இயற்றக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் கூறுகிறது. வாரியத்தின் அதிகாரங்களை மோசஸ் பத்திரங்களின் நிபந்தனைகளாகவே எழுதி வைத்தார். அந்தப் பத்திரங்கள் நிலுவையில் இருக்கும்வரை, வாரியத்தைப் படைத்த சட்டமன்றமே அதன் அதிகாரத்தைக் குறைக்க நினைத்தாலும் முடியாது. பெற்ற தாயாலும் அடக்க முடியாத பிள்ளையாக வாரியம் வளர்ந்தது. கணக்கேடுகளைப் பார்க்க விரும்பிய செய்தியாளர்களுக்கும் கதவு மூடியே இருந்தது.

எவர் நிதி கேட்டு யாரிடமும் போக வேண்டியதில்லையோ, அவர் எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதுமில்லை. மோசஸின் ஆட்சிக்கு இதுவே அடித்தளம்.

கையில் பணம் உள்ளவர் சொல்லே அம்பலம் ஏறும் என்பதும் மெய்யாயிற்று. 1939இல் புரூக்ளினுக்கும் மன்ஹாட்டன் தென்முனைக்கும் இடையே சுரங்கவழி அமைக்க நகரம் விரும்பியது. அதற்கான வாரியத்திடம் பணம் இல்லை. பணம் தருகிறேன், ஆனால் சுரங்கவழி அன்று, பாலம்தான் என்றார் மோசஸ். கடற்கரைப் பூங்காவையும் துறைமுகத்தின் அழகையும் பாலம் கெடுத்துவிடும் என்று அறிஞர்கள் மன்றாடினர். நகரம் பணத்துக்காகத் தலையசைத்தது. கடைசியில் மைய அரசின் போர்த்துறை தடுத்ததால் மட்டுமே பாலம் நின்றது. சுரங்கவழி 1950இல் திறக்கப்பட்டது. அதற்குள் அந்த வாரியமும் 1946இல் டிரைபரோவுடன் இணைக்கப்பட்டு மோசஸின் கைக்கு வந்துவிட்டது.

பொறியியல் அற்புதங்கள்

அறிவியல் மாணவர் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1939இல் திறந்த பிராங்க்ஸ் வைட்ஸ்டோன் தொங்குபாலம், ஒத்மார் அம்மான் என்ற பொறியியல் மேதை வடிவமைத்தது. மெல்லிய தட்டு உத்திரங்களால் பார்ப்பதற்கு நூல் போன்று அழகாக இருந்தது. 1940 நவம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நேரோஸ் பாலம் காற்றில் முறுக்கிக்கொண்டு ஆடி விழுந்ததை நாம் அறிவோம். வைட்ஸ்டோன் பாலமும் அதே வகையானது என்பதால் அஞ்சி, அழகைக் கெடுத்தாலும் பரவாயில்லை என்று விறைப்புச் சட்டங்களைப் பொருத்தினார்கள்.

1964ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் திறந்த வெரசானோ நேரோஸ் பாலமும் அம்மான் வடிவமைத்ததே. அதன் நடு இடைவெளி 4,260 அடி. 1981 வரை உலகிலேயே மிக நீண்ட தொங்குபாலம் அதுதான். அதன் இரு கோபுரங்களும் 693 அடி உயரம். இரண்டும் செங்குத்தாக நிற்பினும், உச்சியில் அவற்றின் இடைவெளி அடியில் உள்ளதைவிட ஒன்றரை அங்குலத்துக்கும் சற்று மிகுதி. பூமி உருண்டை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டுமா?

இத்தனை பாலங்களையும் நெடுஞ்சாலைகளையும் அமைத்த மோசஸ் தாம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. பின்னிருக்கையில் அமர்ந்து கோப்புகளைப் பார்த்தபடியே செல்வார். நெரிசலில் சக்கரம் பிடித்துத் தவித்தவரின் துன்பமும் பேருந்துக்குக் காத்து நின்றவரின் துன்பமும் அவருக்குப் படத்தில் வரைந்த கோடுகளாகவே தெரிந்தன போலும்.

ஒரு மைல் சாலையும் 1,530 குடும்பங்களும்

1946 முதல் நகரக் கட்டுமான ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியும் அவரிடம் இருந்தது. மாநில அரசும் மைய அரசும் சாலைகளுக்குத் தரும் பணம் அவர் வழியாகவே வந்தது. 1956இல் இயற்றப்பட்ட நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி, மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்குச் செலவில் 100க்கு 90 பங்கை மைய அரசே ஏற்றது. திட்டத்தை ஏற்றால் பணம் வரும். மறுத்தால் வேறு ஊருக்குப் போகும் என்ற நிலையில் எந்த மேயரால் மறுக்க முடியும்?

பிராங்க்ஸ் பகுதியைக் குறுக்கே கிழித்துச் செல்லும் விரைவுச் சாலையின் வேலை 1948இல் தொடங்கியது. அதன் வழியில் ஈஸ்ட் டிரிமாண்ட் என்ற பேட்டை இருந்தது. தையல் கூடங்களிலும் சிறு கடைகளிலும் உழைத்து, குறைந்த வாடகையில் நல்ல வீடுகளில் வாழ்ந்த எளிய மக்கள். 1952 டிசம்பரில் அவர்களுக்கு மோசஸின் பெயரில் கடிதம் வந்தது. 90 நாட்களில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றது அது. அந்த ஒரு மைல் தொலைவில் மட்டும் 1,530 குடும்பங்கள். சாலையைச் சற்றுத் தெற்கே, பூங்காவின் ஓரமாகத் திருப்பினால் பெரும்பாலான வீடுகள் தப்பும் என்று பொறியாளர்கள் காட்டினார்கள். இல்லத்தரசிகள் குழு அமைத்து, நகர மன்றத்துக்கு நடையாய் நடந்து போராடினார்கள். மேயர் பதவிக்குப் போட்டியிட்டபோது அவர்கள் பக்கம் பேசிய வாக்னர், மேயரான பிறகு சாலைக்கே ஒப்புதல் அளித்தார். வீடுகள் இடிந்தன. எஞ்சியிருந்தவர்கள் ஆண்டுக் கணக்கில் தூசியிலும் வெடிச் சத்தத்திலும் வாழ்ந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். பேட்டை பாழ்பட்டது.

அந்த மக்களில் பலர் படித்தவர்கள், தாளைப் படித்தார்கள், உரிய காலத்தில் மறுப்பும் தெரிவித்தார்கள். எனினும் தோற்றார்கள். ஏழாம் வகுப்பில் நான் அந்தத் தாளை முன்னதாகவே படித்திருந்தால் திண்ணை தப்பியிருக்கும் என்று நெடுநாள் என்னையே நொந்துகொண்டேன். படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, கேட்பதற்கு ஓர் இடமும் வேண்டும் என்பது ஈஸ்ட் டிரிமாண்ட் கதையைப் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

இன்னொரு பக்கம் சுரங்க இரயில் தேய்ந்தது. 1904 முதல் 1948 வரை அதன் கட்டணம் 5 சென்ட் மட்டுமே. அந்த வருவாயில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள முடியாமல், ஒவ்வோர் ஆண்டும் நகர நிதிக்குக் கையேந்தி நின்றது. பக்கத்திலேயே டிரைபரோவில் சுங்கப் பணம் மலையாய்க் குவிந்தது. அதில் ஒரு காசும் இரயிலுக்குப் போகவில்லை. விமான நிலையம் செல்லும் வேன் விக் விரைவுச் சாலையின் நடுவே இரயில் பாதைக்கு இடம் விட்டு வையுங்கள் என்று திட்ட வல்லுநர்கள் வேண்டியபோதும் மோசஸ் மறுத்தார். 2003ஆம் ஆண்டில்தான் அச்சாலையின் நடுவே தூண்கள் நட்டு, அவற்றின் மீது விமான நிலைய இரயிலை ஓட்ட முடிந்தது.

வீழ்ச்சி

1950களின் பிற்பகுதியிலிருந்து காற்று மாறி வீசியது. வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் ஊடே சாலை அமைக்க முயன்றபோது தாய்மார்கள் திரண்டு தடுத்தார்கள். மன்ஹாட்டனின் தென்பகுதியைக் குறுக்கே வெட்டும் விரைவுச் சாலைத் திட்டத்தை எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்சும் அப்பகுதி மக்களும் எதிர்த்து நின்றார்கள். 1962இல் நகர நிதி மன்றம் அதை ஒதுக்கியது. பின்னர் மீண்டும் தலையெடுத்த அத்திட்டம் 1969இல் அடியோடு கைவிடப்பட்டது.

பதவி விலகுவேன் என்று மிரட்டுவது மோசஸின் வழக்கம். ஆளுநர்களும் மேயர்களும் அஞ்சிப் பணிவார்கள். 1962இல் ஆளுநர் நெல்சன் ராக்பெல்லரிடமும் அவ்வாறே மிரட்டினார். ராக்பெல்லரோ விலகலை ஏற்றுக்கொண்டுவிட்டார்! பூங்காப் பதவிகள் போயின. டிரைபரோ மட்டும் எஞ்சியது. பத்திர ஒப்பந்தம் காக்கும் அந்தக் கோட்டையை யாரால் தகர்க்க முடியும்? பத்திரம் வாங்கியவர்களின் பொறுப்பாளராக இருந்தது சேஸ் மன்ஹாட்டன் வங்கி. அதன் தலைவர் டேவிட் ராக்பெல்லர், ஆளுநரின் உடன்பிறந்த தம்பி. அண்ணனும் தம்பியும் பேசி வழக்கு முடிந்தது. 1968ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், டிரைபரோ வாரியம் மாநகரப் போக்குவரத்து ஆணையத்தின் கீழ் வந்தது. மோசஸுக்கு ஆலோசகர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. மக்களின் குரலால் அசையாத கோட்டை, இரு செல்வர்களின் உடன்பாட்டால் விழுந்தது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1974இல் கேரோ எழுதிய தி பவர் புரோக்கர் என்ற பெருநூல் அவருடைய புகழைச் சிதைத்தது. அதை மறுத்து அவர் நீண்ட அறிக்கை வெளியிட்டார். 1981ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், தம் 92ஆம் வயதில் காலமானார். பெரும்பாலான பதவிகளுக்கு அவர் ஊதியம் வாங்கியதில்லை. பெருஞ்செல்வம் சேர்த்து வைக்கவும் இல்லை. பணத்தின்மீது அவருக்கு ஆசை இருந்ததில்லை; அதிகாரத்தின்மீதே ஆசை.

அவருக்குப் பின்

அமெரிக்க மைய அரசு 1962ஆம் ஆண்டுச் சட்டத்தில், 50,000 மக்களுக்கு மேற்பட்ட நகரப் பகுதிகளில் உள்ளாட்சிகளும் மாநிலமும் கூடித் திட்டமிட்டால்தான் நெடுஞ்சாலைப் பணம் கிடைக்கும் என்று விதித்தது. 1973இல் அப்பணிக்கெனத் தனி நிதியும் ஒதுக்கியது. இவ்வாறு எழுந்தவையே வட்டாரப் போக்குவரத்துத் திட்ட வாரியங்கள். குறைந்தது 20 ஆண்டுக்கான நீண்ட திட்டமும், அடுத்த சில ஆண்டுகளுக்கான வேலைப் பட்டியலும் அவை வகுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத வேலைக்கு மைய அரசின் பணம் இல்லை. வரக்கூடிய பணத்துக்கு மேல் பட்டியல் நீளக் கூடாது என்று 1991ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு விதித்தது. மக்களின் கருத்தையும் கேட்க வேண்டும். 1982இல் அமைந்த நியூயார்க் வட்டார மன்றத்தில் நகரத்தின் இரு துறைகள், ஐந்து மாவட்டங்கள், மாநிலப் போக்குவரத்துத் துறை, மாநகரப் போக்குவரத்து ஆணையம் ஆகிய ஒன்பதுக்கு வாக்குரிமை உண்டு.

அப்படியானால் எல்லாம் நன்றாக முடிந்தது என்று கூறலாமா? அதுவும் இயலாது. மோசஸ் டிரைபரோ பாலத்தைப் பொறுப்பேற்ற இரண்டே ஆண்டில் திறந்தார். 1929இல் திட்டமிட்ட இரண்டாம் நிழற்சாலைச் சுரங்க இரயிலின் முதல் பகுதி 2017 ஜனவரியில்தான் திறந்தது. மூன்று புதிய நிலையங்களுக்கு ஏறத்தாழ 450 கோடி டாலர் செலவு. பலர் கூடிப் பேசினால் அநீதி குறைகிறது. காலமும் செலவும் ஏறுகின்றன. ஒருவரே முடிவெடுத்தால் வேலை விரைகிறது. வழியில் நிற்பவர்கள் நசுங்குகிறார்கள். 2007இல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சிகளின்போது, மோசஸ் போன்ற ஒருவர் மீண்டும் வேண்டும் என்று ஏங்கியவர்களும் உண்டு.

எனக்கு அந்த ஏக்கம் இல்லை. விரைவு வேண்டும்தான். ஆனால் ஆண்டுக்கொருமுறையாவது கணக்கைத் திறந்து காட்டிப் பணம் கேட்க வேண்டிய நிலையில் ஒரு வாரியம் இருக்க வேண்டும். பணத்தின் சாவியை மொத்தமாகக் கொடுத்துவிட்ட பிறகு, கருத்துக் கேட்கும் கூட்டம் எத்தனை நடத்தினாலும் பயனில்லை.

காலத்தின் விளையாட்டு ஒன்றைக் கூறி முடிக்கிறேன். மோசஸ் வளர்த்த அந்த டிரைபரோ வாரியம் இறக்கவில்லை; அவர் விரும்பியபடியே வாழ்கிறது. 1968க்குப் பின் அதன் சுங்க மிச்சம் இரயிலுக்கும் பேருந்துக்கும் திருப்பிவிடப்பட்டது. 2025 ஜனவரியில், மன்ஹாட்டனின் நெரிசல் மிகுந்த தென்பகுதிக்குள் நுழையும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் தொடங்கியபோது, அதை வாங்கும் பொறுப்பும் இந்த வாரியத்துக்கே தரப்பட்டது. அந்தப் பணம் சுரங்க இரயிலையும் பேருந்துகளையும் சீர்படுத்துவதற்கு. கார்களுக்காகவே மோசஸ் கட்டிய உண்டியல், காரில்லாதவர்களின் பயணத்துக்காகவும் திறந்தது. சாவி கை மாறியதே காரணம்.

எங்கள் ஊர்ச் சாலையை இன்னும் அகலப்படுத்தப் போவதாகப் பேச்சு இருக்கிறது. இம்முறை தாள் வந்தால் அன்றே படிப்பேன். பக்கத்து வீட்டாருக்கும் படித்துச் சொல்வேன். படித்து முடித்த பின், இந்த முடிவை எடுத்தவர்கள் யார், பணம் எங்கிருந்து வருகிறது, நாங்கள் யாரிடம் கேட்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் எழுதி அனுப்புவேன். நண்பர்களே, நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நம் தெருவுக்கு வரும் தாள்களைப் படிக்க வேண்டிய கடமை நம்முடையது.